ஒரு வாசல் நிலையின் விலை

(அம்பாசமுத்திரத்தில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘வீட்டு மராமத்தும் கட்டுமானப் பொருள் விலையும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். விலைப்பட்டியல் வாசிப்பேன் என்று யாராவது பேனாவும் காகிதமும் கொண்டுவந்திருந்தால் மடித்துப் பையில் வைத்துவிடலாம். நான் இன்று சொல்லுகிற விலை, இந்தப் பேச்சு அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் பழசாகிவிடும். அரசுக் கட்டடங்களுக்கு மதிப்பீடு போட்டுப் போட்டே தலை நரைத்தவன் நான். விலை எவ்வளவு ஏறியது என்பதைவிட, ஏறிய விலை யார் தலையில் போய் விழுகிறது என்பதைத்தான் இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு வாசல் நிலையை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு முன்வாசல் வேண்டும்; அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. தச்சாசாரியைக் கூப்பிட்டால் அவர் சொல்லும் கணக்கு இதுதான். இரண்டு கால், ஒவ்வொன்றும் 7 அடி. மேல்சட்டமும் கீழ்ப்படியும் மூன்றரை மூன்றரை அடி. ஆக 21 அடி நீளச் சட்டம். கனம் 5 அங்குலத்துக்கு 4 அங்குலம். இருபத்தொன்றை ஐந்தாலும் நாலாலும் பெருக்கி 144ஆல் வகுத்தால் 2.9 கன அடி வரும். கதவு ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அங்குலப் பலகை என்றால் இன்னொரு 2.4 கன அடி. இரண்டும் சேர்ந்து 5.3. தேக்கு கன அடி 4,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தரத்தைப் பொறுத்து இதற்குக் கீழேயும் உண்டு, வெகு மேலேயும் உண்டு. ஒரு வாசலுக்கு மரம் மட்டும் 21,000 ரூபாய்க்கு மேல். ஆசாரி கூலி, கீல், தாழ்ப்பாள், பூட்டு, பாலிஷ் எல்லாம் தனி. நிலை வைக்கிற அன்று மஞ்சள் குங்குமம் வைத்து, நவதானியம் முடிந்து கட்டி, ஆசாரிக்கு வேட்டி துண்டு கொடுப்போமே, அதுவும் தனி.

இது அறுத்த மரத்தின் கணக்கு. மரவாடியில் உருட்டாக வாங்கினால் வேறு கணக்கு. அடிமரத்தின் சுற்றளவை நூல் பிடித்து அளந்து, அதில் கால்பங்கை அதே கால்பங்கால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவார்கள். வெள்ளைக்காரன் காலத்து அளவை இது, இன்றும் மாறவில்லை. உருளையின் உண்மையான கன அளவில் நூற்றுக்கு எழுபத்தெட்டரைப் பங்குதான் இந்தக் கணக்கில் வரும். மீதி இருபத்தொன்றரையும் வாங்குகிறவனுக்கு இனாம்போல் தோன்றும். பட்டை போய், வெள்ளை போய், வாள்தூள் போய், வளைந்த பக்கம் விறகாகப் போனபின் கையில் நிற்கிற சட்டத்தைப் பார்த்தால் இனாம் எங்கே போனதென்று தெரியாது. முதல் தடவை வீடு கட்டுகிறவர் உருட்டு வாங்கப் போகிறபோது ஆசாரியை அழைத்துக்கொண்டு போவது நல்லது.

சரி, இந்த மரம் எங்கிருந்து வருகிறது? வெளியே போய் மேற்கே பார்த்தால் மலை. வேங்கையும் நாங்கும் தோதகத்தியும் நிற்கிற மலை. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அங்கேதான் 1988இல் களக்காடு முண்டந்துறை என்ற பெயரில் அமைந்தது. அந்தக் காட்டில் ஒரு கிளையை ஒடிக்க உங்களுக்கும் எனக்கும் உரிமை கிடையாது. இந்தியா முழுவதற்கும் அப்படி ஒரு தடை வந்தது 1996 டிசம்பர் 12இல். நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்ப் பக்கத்துக் காடு அழிவதைக் கண்டு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அன்று பிறப்பித்த உத்தரவு, எது காடு என்பதற்கே விரிந்த பொருள் கொடுத்தது. மத்திய அரசின் அனுமதி இல்லாமல் காட்டில் நடந்துவந்த அறுவைகளும் ஆலைகளும் நின்றன. நம் பக்கத்து மர வியாபாரம் அதன்பின் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

மலையடிவாரத்தில் இருக்கிற நமக்கு இன்று மரம் வருவது தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து. கானாவிலும் தான்சானியாவிலும் ஈக்வடாரிலும் பனாமாவிலும் தோட்டத்தில் வளர்ந்த தேக்கு கப்பலேறி இந்தியாவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் பர்மா தேக்கு என்றால் அதற்குமேல் பேச்சில்லை. 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மரம் ஏற்றுமதி கிடையாது என்று மியான்மர் அரசு நிறுத்திவிட்டது. 2021இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின்மேல் அமெரிக்கா தடை போட்டது. இப்போது மரவாடியில் யாராவது ‘ஒரிஜினல் பர்மா’ என்று சொன்னால், எந்த வருடத்துச் சரக்கு என்று கேட்டுப் பாருங்கள். பதிலைவிட அவர் முகத்தைப் பார்ப்பது பிரயோசனமாக இருக்கும்.

கப்பலில் வருகிற மரத்துக்கு டாலரில் விலை. 2014இல் 60 ரூபாய் அளவில் நின்ற டாலர் 2025 கடைசியில் 90ஐத் தொட்டது. மரம் அதே மரம், கப்பல் அதே கப்பல். ரூபாய்க் கணக்கில் மட்டும் விலை ஒன்றரை மடங்கு. அதற்குமேல் உருட்டு மரத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22இல் சிமெண்டுக்கு 28லிருந்து 18ஆகக் குறைத்தபோது மரத்தை யாரும் தொடவில்லை. அமெரிக்காவில் கொரோனா சமயத்தில், 2021 மே மாதம், ஆயிரம் பலகை அடி மரம் 1,600 டாலரைத் தாண்டிப் போனது. அங்கே வீட்டின் எலும்புக்கூடே மரம் என்பதால் ஊரே அலறியது. ஆலைகள் ஓட ஆரம்பித்ததும் ஆகஸ்டுக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியும் விட்டது. நமக்கு அந்த யோகம் இல்லை. இங்கே மரம் ஏறினால் இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு.

பர்மா என்றதும், மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட்டுகளிலிருந்து இறங்கி வந்து பின்வரிசையில் இருக்கும் அண்ணாச்சிமாரும் அக்காமாரும் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கவனித்தேன். காரணம் இருக்கிறது. மாஞ்சோலையைத் தொண்ணூறு வருடத்துக்கு மேல் வைத்திருந்த கம்பெனியின் பெயர் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். தேயிலைக் கம்பெனி என்றுதான் நமக்குத் தெரியும். 1863இல் அது பிறந்தபோது அதற்குத் தொழில் தேயிலை இல்லை, பர்மா தேக்கு. மேல்பர்மாக் காட்டில் வெட்டிய மரத்தைக் கணக்கில் குறைத்துக் காட்டியதாக 1885இல் பர்மா மன்னர் திபாவின் சபை அதற்கு இருபது லட்சம் ரூபாய்க்கும் மேல் அபராதம் போட்டது. பிரிட்டிஷ் சர்க்கார் அதைக் காரணமாகப் பிடித்துக்கொண்டு அக்டோபரில் இறுதி எச்சரிக்கை அனுப்பியது. நவம்பர் கடைசியில் மாந்தளை விழுந்தது. 1886 ஜனவரி 1இல் மேல்பர்மா பிரிட்டிஷ் ஆட்சியோடு சேர்க்கப்பட்டது. திபாவை ரத்னகிரிக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். அங்கேயே 1916இல் செத்துப்போனார். பிரெஞ்சுக்காரர்கள் உள்ளே வந்துவிடுவார்களோ என்ற பயம் உட்பட அந்த யுத்தத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் மரக்கணக்கில் ஆரம்பித்த தகராறில் ஒரு ராஜா ராஜ்யத்தை இழந்தது சரித்திரம்.

அந்தக் கம்பெனிதான் 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கர் காட்டை 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது. ஜமீன் வாரிசுமேல் நடந்த ஒரு கொலை வழக்கின் செலவுக்காகக் கொடுத்தார்கள் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். காட்டைத் திருத்தித் தேயிலையும் காப்பியும் ஏலமும் போட்டார்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட்டுகள் எழுந்தன. ஜமீன் ஒழிந்து 1952இல் நிலம் அரசாங்கத்துக்கு வந்தபின்னும் குத்தகை நின்றது. அதன் கெடு 2028 பிப்ரவரி.

அங்கே வேலைக்குப் போனவர்களுக்கு வீடு கம்பெனி கொடுத்தது. 1951ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி கொடுத்தாக வேண்டியிருந்தது. வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டிய லயம். பின்வரிசைக்காரர்களே, உங்களுக்கு நான் அதை வருணித்துச் சொன்னால் சிரிப்பீர்கள். மற்றவர்களுக்காக ஒரு விஷயம் மட்டும். அந்த வீட்டில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் வீடு கம்பெனியுடையது. மழை ஒழுகினால் ஆபீசில் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. தகரம் மாற்றுவது அவர்கள் இஷ்டம், அவர்கள் சமயம். தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்கிற இடங்களில் நாலுமுக்கும் ஊத்தும் சேரும் என்பதை மறந்துவிடக் கூடாது. வேலை இருக்கிறவரை வீடு. வேலை முடிந்தால் பிள்ளைகளில் ஒருவர் பேர் பதிந்தால்தான் அந்த வீடு நின்றது. கீழே நம் ஊரில் ஒரு குடும்பம் மூன்று தலைமுறையில் என்ன செய்யும்? தாத்தா ஓலை வீடு போடுவார். அப்பா ஓடு வேய்வார். மகன் தார்சாவை இடித்துக் காங்கிரீட் போட்டு, பட்டாசலில் டைல்ஸ் ஒட்டுவான். ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்ட பணம் அந்தச் சுவரில் இருக்கும். மலைமேல் இருந்தவர்களுக்கு அந்தச் சுவரே இல்லை. நாலு தலைமுறை உழைப்பும் தேயிலையாகக் கீழே இறங்கிப் போய்விட்டது.

கூலியில் மிச்சம் பிடித்து வீடு கட்டியிருக்கலாமே என்று யாராவது கேட்டால் அவர்களுக்கு 1999 ஜூலை 23ஐ ஞாபகப்படுத்துங்கள். மாஞ்சோலைத் தொழிலாளரின் கூலி உயர்வுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். அதற்குமேல் அந்தக் கூலியைப் பற்றி நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

2024இல் கம்பெனி விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கிக்கொண்டு தோட்டத்தை மூடத் தயாரானது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் எடுத்து நடத்த வேண்டும் என்று கேட்டு வழக்கு நடந்தது. 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. மறுவாழ்வு ஏற்பாடுகளைச் சீக்கிரம் செய்யச் சொன்னது. இறங்க மாட்டோம் என்று இன்னும் மேலே இருப்பவர்களும் உண்டு. அது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எனக்குத் தெரிந்தது மதிப்பீடு. இறங்கி வருகிறவருக்கு அரசாங்கம் வீட்டுமனையும், கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடும், அடுக்குமாடிக் குடியிருப்பும் தருவதாகச் சொல்லியிருக்கிறது. அந்தக் கனவு இல்லத்தைக் கொஞ்சம் அளந்து பார்ப்போம்.

360 சதுர அடி வீடு. அரசு கொடுப்பது மூன்றரை லட்சம். வகுத்தால் சதுர அடிக்கு 972 ரூபாய். இங்கே கொத்தனார்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். 972 ரூபாய்க்கு யாராவது ஒப்பந்தம் எடுப்பீர்களா? சிரிக்கிறீர்கள். முதலில் கணக்குப் போட்டோமே ஒரு வாசல் நிலையும் கதவும், அது மட்டும் இந்த மூன்றரை லட்சத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு. இன்னும் அஸ்திவாரம் தோண்டவில்லை.

குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தமிழ்நாடு தன் பங்கைக் கூட்டித்தான் கொடுக்கிறது. மத்திய அரசின் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் கிராமத்து வீட்டுக்கு 2016இல் நிர்ணயித்த தொகை சமவெளிப் பகுதிக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். 2024இல் திட்டத்தை இன்னும் ஐந்து வருடம் நீட்டித்தபோதும் அதே ஒரு லட்சத்து இருபதாயிரம்தான். கூரைக்கென்று மாநில அரசு தனியாகப் பணம் சேர்ப்பதால்தான் இங்கே அந்த வீடுகள் எழும்புகின்றன. மராமத்தை எடுத்துக்கொண்டால், 2001க்கு முன் கட்டிய இரண்டரை லட்சம் ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க 2,000 கோடி என்று 2024இல் அறிவித்தார்கள். சராசரி 80,000 ரூபாய். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப்பின் நம் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் புதிதாகக் கட்ட நான்கு லட்சம் வரை, பழுதுக்கு இரண்டு லட்சம் வரை என்று அரசே அறிவித்தது. வெள்ளம் வந்தால் நாலு, வராவிட்டால் மூன்றரை என்பதற்கு என் மதிப்பீட்டுப் புத்தகத்தில் விளக்கம் இல்லை. பொதுப்பணித் துறையில் விலை விகிதப் பட்டியல் என்று ஒன்று உண்டு. சிமெண்ட் ஏறினால், கம்பி ஏறினால், கூலி ஏறினால் அதைத் திருத்துவார்கள். அரசு கட்டுகிற பாலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதன்படிதான் மதிப்பீடு. ஒப்பந்தக்காரருக்கு ஏறுகிற விலை ஏழைக்கு மட்டும் ஏறாமல் எப்படி நிற்கும்?

மற்றப் பொருள்களைக் கொஞ்சம் வேகமாகப் பார்த்துவிடுவோம். கம்பி 2022 ஏப்ரலில் கிலோ 75 ரூபாயைத் தாண்டியது. மே மாதம் மத்திய அரசு ஏற்றுமதி வரி போட்டதும் இறங்கியது. நவம்பரில் வரியை எடுத்துவிட்டார்கள். இரும்பு இப்படி ஏறி இறங்குகிற பொருள். பொறுத்திருக்க முடிந்தவன் பிழைப்பான். கைமரம் உளுத்து ஓடு சரிகிற வீட்டில் இருப்பவனால் எப்படிப் பொறுத்திருக்க முடியும்?

சிமெண்ட் நம் ஊர்ச் சரக்கு. தாழையூத்துச் சங்கர் நகரில் இந்தியா சிமெண்ட்ஸ் தொழிற்சாலை 1949இல் ஓட ஆரம்பித்தது. அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான சங்கரலிங்க ஐயர் நம் கல்லிடைக்குறிச்சிக்காரர். 2024 டிசம்பரில் அந்தக் கம்பெனி அல்ட்ராடெக் கைக்குப் போய்விட்டது. நாடு முழுக்கச் சிமெண்ட் ஆலைகள் ஒன்றிரண்டு கைகளில் சேர்ந்துகொண்டு வருகின்றன. வரி குறைந்த பத்துச் சதவீதத்தில் எவ்வளவு மூட்டை விலையில் தங்கும் என்பதை நீங்களே வருடக் கடைசியில் பில்லைப் பார்த்துச் சொல்லுங்கள். 2015இல் மூட்டை 190 ரூபாய் என்று அரசு அம்மா சிமெண்ட் விற்றபோது மராமத்துக்கும் நூறு மூட்டை வரை வாங்க வழி வைத்திருந்தார்கள். நல்ல யோசனை. மராமத்துக்காரனை நினைத்துப் பார்த்த திட்டங்கள் குறைவு.

மணல் கதை பெரிய கதை. தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து ஸ்ரீவைகுண்டத்துக்காரரான நல்லகண்ணு அய்யா தானே நீதிமன்றத்தில் வாதாடி 2010 டிசம்பரில் தடை வாங்கினார். அதை விலை ஏற்றத்துக்குக் காரணமாகச் சொல்லுகிற கட்டடக்காரர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உறைகிணற்றில் தண்ணீர் வற்றிப்போன ஊரில் யாருக்கு வேண்டும் மலிவு மணல்? தடைக்குப்பின்னும் அள்ளினார்கள். 2023 ஏப்ரல் 25இல் முறப்பநாடு கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸை, மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்ததற்காக அலுவலகத்துக்குள் புகுந்தே வெட்டிக் கொன்றார்கள். ஆற்று மணல் என்று யாராவது ராத்திரியில் மலிவாகக் கொண்டுவந்து கொட்டினால், அதற்கு லூர்து பிரான்சிஸ் கொடுத்த விலையையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள்.

மணலுக்குப் பதில் எம்-சாண்ட் வந்தது. எம்-சாண்ட் என்றால் மலையை உடைத்து அரைத்த கல். 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல் குவாரியில் பாறை சரிந்து நாலு பேர் செத்தார்கள். குவாரிகளைச் சோதனை போட்டார்கள், நிறுத்தினார்கள். ஜல்லி விலை ஏறியது. நம் கல்லும் எம்-சாண்டும் புளியரை வழியாகக் கேரளத்துக்கு லாரி லாரியாகப் போவதை நெடுஞ்சாலையில் நின்று பார்த்தவர்களுக்கு உள்ளூரில் ஏன் விலை ஏறுகிறது என்று சொல்ல வேண்டாம். 2025 ஏப்ரல் 4 முதல் கனிமம் உள்ள நிலத்துக்கு மாநில அரசு புது வரி போட்டது. குவாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து, யூனிட்டுக்கு விலையை ஏற்றி, பேச்சுவார்த்தை நடந்து, கொஞ்சம் இறக்கினார்கள். அந்தச் சில வாரம் வேலையில்லாமல் கைகட்டி நின்றது கொத்தனாரும் சித்தாளும்.

இத்தனையும் சொன்னபின் ஒரு கேள்வி எழும். கூட்டம் முடிந்ததும் யாராவது டீக்கடையில் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். மலை நிறைய மரம் நிற்கிறதே, கொஞ்சம் வெட்டிக் கொடுத்தால் என்ன? கூடாது. காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு மூன்று அணையும் அந்தக் காட்டின் கீழே இருக்கின்றன. பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரைக்கும் நெல்லும் வாழையும் குடிதண்ணீரும் அந்தக் காட்டுக்குக் கடன்பட்டவை. காட்டில் வெட்டுவது தடைபட்டதால் மரம் விலை ஏறியது உண்மை. அந்தத் தடையை எடுத்துவிட்டால் யாருக்கு மரம் கிடைக்கும் என்று யோசியுங்கள். 1929இல் கிடைத்தவருக்கே மறுபடியும் கிடைக்கும். லயத்துக்காரருக்கு அப்போதும் நிலை கிடைக்கவில்லை.

பின்னே என்ன வழி? மராமத்துச் செய்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. உங்கள் பழைய வீட்டை இடிப்பதற்கு முன்னால் ஆசாரியை ஒருமுறை வரச் சொல்லுங்கள். பொக்லைன்காரரை அப்புறம் கூப்பிடலாம். அறுபது எழுபது வருடத்துக்கு முன் போட்ட வேங்கை விட்டமும் தேக்கு நிலையும் அன்று வைரம் பாய்ந்த மரத்தில் செய்தவை. இன்று கடையில் கிடைக்கிற பதினைந்து இருபது வருடத்து இளந்தேக்கில் பாதி வெள்ளை. கரையான் அதைத்தான் தேடி வரும். பழைய நிலையின் கீழ்ப்பாகம் நாலு அங்குலம் மண்ணரித்துப் போயிருக்கும். அதை அறுத்துவிட்டு ஒட்டுப்போட்டால் இன்னொரு அறுபது வருடம் நிற்கும். நாமோ அதை எடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கப் போகிறோம். நாம் போட்ட பழைய மரம் காரைக்குடிக் கடைத்தெருவுக்குப் போய்ப் பாலிஷ் போட்டு, நகரத்து ஓட்டல்களுக்குப் பத்து மடங்கு விலையில் போகிறது. கல்லிடைக்குறிச்சித் தெருக்களிலிருந்து எத்தனை தூண் அப்படிப் போயிருக்கும் என்று அந்தத் தெருக்காரர்கள் சொல்லட்டும்.

நாட்டு மரத்தையும் மறந்துவிட்டோம். வேம்பு, பூவரசு, வாகை, பலா, எல்லாம் நிலைக்கும் சன்னலுக்கும் உதவிய மரங்கள். நம் பெரியவர்கள் வெட்டிய மரத்தை அப்படியே அறுக்க மாட்டார்கள். குளத்துச் சேற்றில் பல மாதம் ஊறப்போட்டு, சாறு இறங்கியபின் நிழலில் உலர்த்தி அப்புறம் அறுப்பார்கள். பூச்சி தின்னுகிற சத்தெல்லாம் தண்ணீரில் போய்விடும். இப்போது கிரகப்பிரவேசத் தேதி குறித்துவிட்டு மரம் வாங்கப் போகிறோம். பச்சை மரத்தில் கதவு செய்தால் அடுத்த ஐப்பசியில் அதைச் சாத்த முடியாது. பங்குனியில் இடைவெளியில் பல்லி வந்து போகும். பனையைப் பற்றிக் கேட்பீர்கள். 2021இலிருந்து பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள், நல்லதுதான். பழைய பனங்கை யார் வீட்டிலாவது கழற்றிப்போட்டால் விறகுக்குக் கொடுக்காதீர்கள்.

இரும்பு நிலை, சிமெண்ட் நிலை, பிளாஸ்டிக் கலந்த பலகைக் கதவு எல்லாம் வந்துவிட்டன. கௌரவக் குறைச்சல் என்று நினைக்க வேண்டாம். குளியலறைக்கும் புறவாசலுக்கும் அவை போதும். முன்வாசல் ஒன்றுக்கு மட்டும் நல்ல மரம் வையுங்கள். கடன் வாங்கி வீடு பூராவும் தேக்கு போடுகிறவரைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வரும். 1990களில் தேக்குத் தோட்டத்தில் பணம் போட்டால் பல மடங்காகும் என்று நம்பிக் கொடுத்து ஏமாந்த குடும்பங்கள் நம் மாநிலத்தில் எத்தனை என்று வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தேக்கு அப்போதும் நம்மை மயக்கியிருக்கிறது.

கடைசியாக அரசாங்கத்துக்கு. கலெக்டர் ஆபீசிலிருந்து யாராவது வந்திருந்தால் குறித்துக்கொள்ளலாம். பொதுப்பணித் துறை பழைய கட்டடங்களை இடிக்கிறபோது கிடைக்கிற மரத்தை மொத்தமாக ஏலம் விடுகிறோம். தாலுகா ஆபீஸ், பழைய பள்ளிக்கூடம், பயணியர் விடுதி, எல்லாவற்றிலும் அந்தக் காலத்து நல்ல மரம். ஏலத்தில் எடுப்பவர் ஒரே ஆள். அவர் விற்கிற விலை வேறு. அந்த நிலையையும் கதவையும் எண்ணிப் பிரித்து, வீடு கட்டுகிற ஏழைக் குடும்பங்களுக்கு ஏல மதிப்பிலேயே கொடுக்க ஒரு அரசாணை போதும். வீட்டுத் திட்டத் தொகையை வருடா வருடம் விலை விகிதப் பட்டியலோடு சேர்த்துத் திருத்த இன்னொரு அரசாணை. தொகையை ஒருமுறை நிர்ணயித்துவிட்டு எட்டுப் பத்து வருடம் தொடாமல் வைத்திருப்பது, கொடுக்கிறதை வருடா வருடம் குறைப்பதற்குச் சமம்.

மாஞ்சோலை லயங்கள் என்றைக்காவது காலியாகி, வனத்துறை அவற்றை இடித்துக் காட்டோடு சேர்க்கிற நாள் வரலாம். அன்றைக்கு அந்த வீடுகளின் கதவையும் நிலையையும் சன்னலையும் ஏலம் விடவும் வேண்டாம், மழையில் போட்டு மக்க வைக்கவும் வேண்டாம். எந்தக் குடும்பம் அந்த வாசலில் நாலு தலைமுறை ஏறி இறங்கியதோ, அந்தக் குடும்பம் கேட்டால், மரம் கொண்டுபோகும் அனுமதிச் சீட்டோடு, வனத்துறை லாரியிலேயே மணிமுத்தாறு வரைக்கும் இறக்கிக் கொடுங்கள்.